‘இன்னொரு பக்கம் எங்கே?’ன்னு கேக்குறவங்களுக்கு

ஒரு படத்தைப் பத்தி யார்கிட்ட பேச்செடுத்தாலும் ஒரே கேள்விதான் திரும்பி வருது.

“படம் சரி. ஆனா இன்னொரு பக்கத்தைக் காட்டலையே?”

நேத்தும் ஒருத்தர் கேட்டுட்டார். (நல்ல மனுஷன், நெறைய படிக்கிறவர். அதனாலேயே எனக்கு எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.) வாட்ஸ்அப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சேன், அது நீண்டுக்கிட்டே போச்சு. சரி, இங்கேயே உக்காந்து எழுதிடலாம்னு வந்துட்டேன்.

படம்: ‘டு சிங்கப்பூர், வித் லவ்’. 2013ல வந்தது. எடுத்தவங்க டான் பின் பின். சிங்கப்பூர்க்காரங்க. ஆக்ஸ்ஃபர்ட்ல சட்டம் படிச்சிட்டு, கேமரா பக்கம் வந்தவங்க. கம்பெனி, ஸ்டூடியோன்னு பெரிய பின்புலம் எதுவும் இல்லாம, தனியா நின்னு டாக்குமென்டரி எடுக்குறவங்க.

ஜோகூர்ல இருக்குற நமக்கு இந்தப் படம் பக்கத்து நாட்டுச் சமாச்சாரம் இல்ல. ஏன்னு சொல்றேன்.

2014 செப்டம்பர் 10. சிங்கப்பூர் ஊடக மேம்பாட்டு ஆணையம் இந்தப் படத்தைப் பொதுவுல திரையிடவே கூடாதுன்னு முடிவு சொல்லுச்சு. இத்தனை வயசுக்கு மேலன்னு ஒரு வரம்புகூட இல்ல, எந்த வயசுக்காரங்களுக்கும் கிடையாது. காரணம் தேசியப் பாதுகாப்பு. அந்த மாசம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மியூசியத்துல டான் பின் பின்னோட மூணு படங்களைச் சேர்த்துப் போடுறதா இருந்தாங்க. இந்தப் படத்துக்கு அங்கே வழி அடைஞ்சுபோச்சு.

ஒன்பதே நாள். செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. நம்ம ஜோகூர் பாருல ஃப்ரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட் திரையிடல். அதே படம்.

(ஞாபகம் இருக்கா? அந்த வருஷம்தான் ஜோகூர்ல வார லீவை வெள்ளி, சனின்னு மாத்தியிருந்தாங்க. நமக்கு லீவு. அக்கரையில வேலை நாள்.)

சிங்கப்பூர்க்காரங்க வேலையை முடிச்சு, வெள்ளிக்கிழமை சாயங்கால ஜாம்ல சிக்கி, பாஸ்போர்ட்ல சாப் அடிச்சு, பாலம் தாண்டி வந்தாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, பல நூறு பேர். பஸ் பிடிச்சு வந்தவங்க உண்டு. சிங்கப்பூர்க்காரங்க மளிகைக்கு வருவாங்க, முடி வெட்ட வருவாங்க, காடி கழுவ வருவாங்க, இதெல்லாம் நமக்குப் பழகிப்போன காட்சி. தங்க ஊரைப் பத்தின ஒரு டாக்குமென்டரியைத் தங்க ஊர்ல பார்க்க முடியாம நம்ம ஊருக்கு வந்தாங்க பாருங்க, அதை இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு நெஞ்சு நெறையுது. ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு என்ன வேணும்?

படத்துல அப்படி என்னதான் இருக்கு?

1960கள்ல இருந்து 80கள் வரைக்கும் சிங்கப்பூரை விட்டு ஓடிப்போன சில பேர். மாணவர் தலைவர், வழக்கறிஞர், டாக்டர், பழைய கம்யூனிஸ்டு. விசாரணை இல்லாம உள்ளே வச்சிடுவாங்கங்கிற பயத்துல போனவங்க. லண்டன்ல சில பேர், தாய்லாந்துல சில பேர். முப்பது வருஷம், நாப்பது வருஷம், சிலருக்கு அம்பது வருஷம். ஊர்ப்பக்கம் திரும்ப முடியல.

டான் பின் பின் அவங்க வீட்டுக்குப் போறாங்க. உக்கார்றாங்க. பேச விடுறாங்க. அவ்வளவுதான் படம்.

மொத்தப் படத்தையும் சிங்கப்பூருக்கு வெளியிலதான் எடுத்திருக்காங்க. அவங்களால போக முடியாத இடத்துக்குக் கேமராவும் போகல. நான் முதல் தடவை பார்த்தப்போ இதைக் கவனிக்கல. ரெண்டாவது தடவை பார்க்கும்போதுதான் உறைச்சுது.

டாக்டர் ஆங் ஸ்வீ சாய் வர்றாங்க. எலும்பு முறிவு மருத்துவர். 1982ல பெய்ரூட்ல, சப்ரா - ஷத்திலா படுகொலை நடந்த சமயத்துல அகதிகளுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்தவங்க. அவங்க கணவர் பிரான்சிஸ் கூ ஒரு வழக்கறிஞர். 1977ல சிங்கப்பூரை விட்டுப் போனார். 2011ல லண்டன்லயே கண்ணை மூடிட்டார். இவ்வளவு பெரிய வாழ்க்கை வாழ்ந்த அம்மா, கேமரா முன்னாடி தன் புருஷனைப் பத்திப் பேசுறாங்க. அந்த எடத்துல அரசியல் கட்சி பேரு எதுவும் என் ஞாபகத்துக்கு வரல. தனியா இருக்குற ஒரு பொம்பளை, அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் ஹோ ஜுவான் தாய். 1976 தேர்தல்ல தொழிலாளர் கட்சி வேட்பாளரா நின்னவர். லண்டன்ல குடும்பம். அவர் தன் சொந்தக்காரங்களைப் பார்க்கணும்னா எங்கே வரணும்?

ஜோகூர் பாருக்கு.

படத்துல அந்தச் சந்திப்பு இருக்கு. இங்கே நின்னா அக்கரைக் கட்டடம் எல்லாம் தெரியும். பாலம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான் நீளம். நான் தினமும் பார்க்குற தண்ணி, தினமும் திட்டுற ஜாம். அதே தண்ணி ஒரு மனுஷனுக்குத் தாண்டவே முடியாத கடலா இருக்கு. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்குறவங்க எல்லாரும் இந்தப் படத்தைப் பார்த்தாகணும்னு நான் அடிச்சுக்கிறது இதுக்குத்தான்.

சரி, ‘இன்னொரு பக்கம்’.

சிங்கப்பூர் அரசாங்கம் சொன்னதை நான் முழுசா படிச்சேன். ஒதுக்கித் தள்ள வேண்டிய வாதம் இல்ல அது. அவங்க சொன்னது இதுதான்: பாதுகாப்பு அமைப்புகள் சட்டப்படி எடுத்த நடவடிக்கையை, அப்பாவிகளைப் பலிவாங்கின மாதிரி படம் திரிச்சுக் காட்டுது. இவங்களை யாரும் துரத்தல, வர வேணாம்னு தடுக்கவும் இல்ல. பழைய கம்யூனிஸ்டுகள் திரும்பி வந்து, தங்க கடந்தகாலச் செயல்களைப் பத்தி அதிகாரிகள் கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லி, கணக்கை முடிச்சுக்கலாம். பாஸ்போர்ட்டைத் திருத்தினது, தேசியச் சேவைக்குப் போகாதது மாதிரி விஷயங்களைச் சிலர் படத்துல மறைச்சிட்டாங்க.

மேல்முறையீட்டுக்குப் போனாங்க டான் பின் பின். நவம்பர்ல முடிவு வந்துச்சு. குழுவுல பன்னண்டு பேர், அதுல ஒன்பது பேர் தடை சரின்னு சொன்னாங்க.

இப்ப என் பதில்.

ஒரு வழக்கை விசாரிக்கிற படமா இருந்தா, ரெண்டு தரப்பும் வேணும். கட்டாயம் வேணும். யார் எப்ப எந்தச் சட்டத்தை மீறினாங்கன்னு நிரூபிக்க வந்த படமா இது? ஊரை விட்டுப் போனவங்க ஊரை எப்படி மனசுல வச்சிருக்காங்கன்னு பார்க்க வந்த படம். ஒரு அம்மா தன் மகனை நெனச்சு ஏங்குறாங்கன்னா, அந்த ஏக்கத்துக்கு இன்னொரு பக்கம்னு எதைக் காட்டுறது?

அரசாங்கத்தோட பக்கம் படத்துல இல்லைங்கிறதையும் நான் ஏத்துக்கல. அது படம் முழுக்க உக்காந்திருக்கு. ‘வா, ஆனா முதல்ல விசாரணைக்கு உக்காரு’ங்கிற அந்த நிபந்தனையை இவங்க ஏன் விழுங்க மாட்டேங்குறாங்க? வயசாயிடுச்சு, உடம்பு தளர்ந்துடுச்சு, ஊர்ச் சாப்பாட்டுக்கு நாக்கு ஏங்குது, இருந்தும் அந்த ஒரு வாசல் வழியா குனிஞ்சு உள்ளே போக மனசு வரல. அதைப் புரிஞ்சுக்கத்தான் நாம ஒரு மணி நேரத்துக்கு மேல அவங்க பக்கத்துலயே இருக்கோம். அது பிடிவாதமா, மானமா, தப்பானு பார்க்குறவங்க முடிவு பண்ணிக்கலாம். டான் பின் பின் முடிவைக் கையில திணிக்கல.

இதுக்கு நேரெதிரா ஒரு விமர்சனத்தையும் கேட்டிருக்கேன். இடதுசாரி ஈடுபாடுள்ள ஒரு நண்பர் சொன்னது. “எல்லாம் சோகமா, அழகா இருக்கு. அவங்க எதுக்காகப் போராடினாங்கன்னு எங்கேயாவது ஆழமா பேசுதா? கொள்கையைக் கழட்டி வச்சிட்டு, பாவம் வயசானவங்கன்னு காட்டிட்டாங்க.”

இந்த விமர்சனம்தான் என்னை யோசிக்க வச்சுது. முதல்ல சொன்னதைவிட இதுல கனம் இருக்கு. போராளியைத் தாத்தாவா மட்டும் காட்டுறதுல ஒரு இழப்பு இருக்குதான். அவங்க பேச்சுல வர்ற அரசியலை இன்னும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருக்கலாம்னு எனக்கும் தோணும். ஆனா கொள்கையை மட்டும் பேசியிருந்தா, ஏற்கெனவே அந்தக் கொள்கையில இருக்குறவங்க நாப்பது பேர்தான் உக்காந்து பார்த்திருப்பாங்க. அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பாலம் தாண்டி வந்த அத்தனை பேருமா கம்யூனிசம் படிக்க வந்தாங்க?

பிரதமரா இருந்த லீ சியென் லூங், 2014 அக்டோபர்ல ஒரு கூட்டத்துல இந்தத் தடையைப் பத்திப் பேசினார். புத்தகத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம் இருக்குன்னார். நீ ஒரு புத்தகம் எழுதினா நான் பதில் புத்தகம் எழுதலாம், வாசகர் ரெண்டையும் வச்சுப் பார்த்துக்கலாம். படம் அப்படி இல்ல, பார்க்குறவங்களை அப்படியே நம்ப வச்சிடும். மைக்கேல் மூரோட ‘ஃபாரன்ஹீட் 9/11’ஐ உதாரணம் காட்டினார்.

எனக்கு இந்த இடம் ரொம்ப முக்கியம். டாக்குமென்டரின்னாலே யாரும் பார்க்காத படம்னு நாம நெனச்சுக்கிட்டு இருக்கோம். ஒரு நாட்டோட பிரதமர் அதுக்கு இவ்வளவு சக்தி இருக்குன்னு நம்புறார்! ஆனா உதாரணம்தான் பொருந்தல. மூர் படம் முழுக்க அவர் குரல் ஓடும். கிண்டல் பண்ணுவார், கோபப்படுவார், இழுத்துக்கிட்டுப் போவார். டான் பின் பின் படத்துல கேமராவுக்குப் பின்னாடி ஒருத்தங்க இருக்காங்கங்கிறதே பல நேரம் மறந்துபோகும். அப்படி மறக்கடிக்கிறதுக்கு எவ்வளவு உழைக்கணும் தெரியுமா?

எனக்குத் தெரியும். நானே முயற்சி பண்ணிப் பார்த்தேன்.

எங்க பெரியம்மா ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க. அவங்க அண்ணன் 1969, 70 வாக்குல தமிழ்நாட்டுக்குப் போயிட்டார். அந்தச் சமயத்துல குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு சட்டம் வந்து, தோட்டத்துல இருந்து ஆயிரக்கணக்கான பேர் கப்பல் ஏறினாங்களே, அதுல ஒருத்தர். போனவர் போனவர்தான். பெரியம்மா அப்புறம் அவரைப் பார்க்கவே இல்ல. இந்தப் படத்தைப் பார்த்த சூட்டுல, பெரியம்மா கதையை நாமளும் பதிவு பண்ணணும்னு கிளம்பிட்டேன்.

முதல் முயற்சி: நாற்காலி போட்டு, சன்னல் வெளிச்சம் முகத்துல விழுற மாதிரி உக்கார வச்சு, போனை ஸ்டாண்டுல மாட்டி, எழுதி வச்ச கேள்வியைக் கேட்டேன். பெரியம்மா பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வந்து உக்காந்தாங்க. “அண்ணன் போனப்ப எப்படி இருந்துச்சு பெரிம்மா?” “எப்படி இருக்கும்? எல்லாரும் போனாங்க, அவுகளும் போனாக.” அவ்வளவுதான். எல்லாக் கேள்விக்கும் ஒரு வரி.

அடுத்து, கேள்வியை நீளமாக்கினேன். பதில் இன்னும் சுருங்குச்சு.

மாமாவைப் பக்கத்துல உக்கார வச்சா ரெண்டு பேரும் பேசிக்குவாங்கன்னு பார்த்தேன். மாமாதான் பேசினார், நிறுத்தவே இல்ல. மலேசிய இந்தியர் வரலாறு முழுசும் வந்துச்சு, பெரியம்மா வரல.

அப்புறம் விட்டுட்டேன். ஒரு நாள் சும்மா போயிருந்தேன். பெரியம்மா திண்ணையில நெத்திலி ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் உக்காந்து தலையைக் கிள்ள ஆரம்பிச்சேன். போனைப் பக்கத்துல வச்சு ஓட விட்டுட்டு, எதுவும் கேக்கல. ரொம்ப நேரம் கழிச்சு அவங்களா ஆரம்பிச்சாங்க. “எங்கண்ணனுக்கு இந்த நெத்திலி சம்பல்னா உசுரு…” அங்க இருந்து லயம், பெரட்டுக் களம், அண்ணன் வெட்டின நெரை, கப்பலுக்குப் போற முதல் நாள் ராத்திரி யாரும் தூங்காம உக்காந்திருந்தது, அண்ணன் தன் பால் கத்தியைத் தங்கச்சிக்கிட்ட கொடுத்துட்டுப் போனது, எல்லாம் வந்துச்சு.

சன்னல் வெளிச்சம் இல்ல. பாதி நேரம் முகமே ஃபிரேம்ல இல்ல. ஆனா அதுதான் பெரியம்மா.

‘உக்காந்து பேசிக்கிட்டே இருக்காங்க, இதுல என்ன இருக்கு’ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு உங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தரைப் பேச வச்சுப் பாருங்க. ஒருத்தர் கேமராவை மறந்து பேசுற அந்த நிமிஷத்துக்காக எத்தனை மணி நேரம் பேசாம கூட இருக்கணும்னு அப்பத் தெரியும். தன் கதையை எல்லாம் ஒருத்தங்ககிட்ட ஒப்படைக்கிறாங்கன்னா, அந்த நம்பிக்கையை வாங்குறதுதான் இந்த மாதிரிப் படத்தோட முக்கால்வாசி வேலை. நம்ம விமர்சகர்கள் அதைப் பத்தி எழுதி நான் பார்த்ததே இல்ல. கதை என்ன, கருத்து என்ன, சரியா தப்பா. அதோட முடிஞ்சுது.

டான் பின் பின் ஆரம்பத்துல இருந்தே இப்படித்தான். ‘மூவிங் ஹவுஸ்’னு ஒரு சின்னப் படம், 2001ல வந்தது. நிலத்தை அரசாங்கம் எடுத்துக்குது, அதனால ஒரு சீனக் குடும்பம் தங்க அப்பா அம்மா கல்லறையைத் தோண்டி எலும்பை எடுத்து வேற எடத்துக்குக் கொண்டுபோகுது. அரை மணி நேரம்கூட இல்ல. மாணவர்களுக்கான ஆஸ்கர் விருது வாங்குச்சு. தோட்டத்தை வித்து வீடமைப்புப் பகுதி வந்தப்போ நம்ம கோயிலும் சுடுகாடும் எடம் மாறின கதை நமக்குத் தெரியும்ல? அந்தப் படத்தைப் பார்த்தப்ப எனக்குக் குலாய், கூலிம், பந்திங்னு எல்லா ஊரும் ஞாபகம் வந்துச்சு.

அடுத்து ‘சிங்கப்பூர் காகா’, 2005. இது ஊரோட சத்தங்களைத் தேடிப்போற படம். சக்கர நாற்காலியில டிஷ்யூ வித்துக்கிட்டே பாடுற அம்மா, ஹார்மோனிகா வாசிச்சுக்கிட்டே கட்டைச் செருப்பால தாளம் தட்டுற பெரியவர், விளையாட்டுப் போட்டியில அரபியில கோஷம் போடுற மதரசா பிள்ளைங்க. தியேட்டர்ல ஓடுச்சு, சனங்க கொண்டாடினாங்க, பத்திரிகைங்க பாராட்டுச்சு. 2007ல ‘இன்விசிபிள் சிட்டி’. ஐவன் போலுனின்னு ஒரு டாக்டர், 1950கள்ல சிங்கப்பூரைக் கலர்ல படம்பிடிச்சு வச்சவர். அவர் வயசாகி, ஞாபகம் நழுவிக்கிட்டு இருக்குற நேரத்துல இவங்க போய் உக்கார்றாங்க. அந்தப் படத்துக்குப் பாரிஸ் ‘சினேமா து ரியெல்’ விழாவுல விருது.

ஒரே ஆள். ஒரே பொறுமை. ஒரே மாதிரி பக்கத்துல உக்கார்ற கேமரா. டிஷ்யூ விக்கிற அம்மா பக்கத்துல உக்காந்தா ‘மனிதநேயம்’. நாட்டை விட்டுப் போனவர் பக்கத்துல உக்காந்தா ‘ஒருபக்கச் சார்பு’. டிஷ்யூ அம்மா படத்துல ‘இன்னொரு பக்கம் எங்கே’ன்னு ஒருத்தரும் கேக்கல! என் கோபமே இதுதான்.

இதை எழுதுறப்போ நம்ம நாட்டைப் பத்தியும் சொல்லியாகணும். அக்கரையை மட்டும் குறை சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வராது.

ஜோகூர் பாருல அந்தப் படத்தைப் போட்ட விழாவை அப்ப நடத்தினது புசாட் கோமாஸ். அதே அமைப்பு 2013 ஜூலை 3ல கோலாலம்பூர்ல ‘நோ ஃபயர் ஸோன்’ படத்தைத் திரையிட்டுச்சு. கேலம் மெக்ரே எடுத்தது, ஈழப்போரோட கடைசி மாசங்களைப் பத்தின படம். தணிக்கை வாங்காத படத்தைப் போட்டாங்கன்னு அந்த அமைப்போட லீனா ஹென்ட்ரி மேல வழக்கு. 2016ல விடுதலை பண்ணினாங்க, மேல்முறையீட்டுல வழக்கு திரும்பி வந்துச்சு, 2017ல 10,000 வெள்ளி அபராதம். முள்ளிவாய்க்காலைப் பத்தின ஒரு படத்தை நமக்குக் காட்டினதுக்காக ஒருத்தங்க இத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைஞ்சிருக்காங்க. நம்ம ஆளுங்கள்ல எத்தனை பேருக்கு அவங்க பேர் தெரியும்?

அதுக்கு முன்னாடி 2006ல அமிர் முகமதுவோட ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங் வாழ்ந்த ஊர்கள் வழியா போற படம், ஆனா சின் பெங் படத்துல வரமாட்டார். அந்தந்த ஊர்ச் சனங்கதான் வருவாங்க, நடுவுல பாட்டு வேற. தணிக்கை வாரியம் வெட்டு இல்லாம விட்டுச்சு, உள்துறை அமைச்சு தடை போட்டுச்சு. சாதாரண சனங்க அவங்கவங்க பொழைப்பைப் பத்திப் பேசுற படம் அது!

தமிழ்நாட்டுல இந்த மாதிரி நெருக்கமான படம் எடுக்குறவங்கன்னா எனக்கு ஆர்.வி. ரமணி ஞாபகம் வருவார். சுனாமியில தன் கேமராவைப் பறிகொடுத்துட்டு, அந்தக் கேமராவைப் பத்தியே ‘மை கேமரா அண்ட் சுனாமி’ன்னு படம் எடுத்தவர். அவரைப் பத்தி ஒரு முழுப் பதிவு எழுதணும், இன்னொரு நாள்.

டான் பின் பின் எது எடுத்தாலும் நான் தூக்கிப் பிடிப்பேன்னு நெனச்சுக்காதீங்க. 2017ல வந்த ‘இன் டைம் டு கம்’ எனக்கு ஒட்டவே இல்ல. பேட்டி கிடையாது, யாரும் நம்மகிட்ட பேசுறது கிடையாது. அசையாத ஃபிரேம்கள் ஒண்ணு மாத்தி ஒண்ணு, நடுவுல பழைய காலப்பேழை ஒண்ணைத் திறக்குறாங்க. வெளிநாட்டு விழாக்கள்ல நல்ல பேரு. தடைக்கு அப்புறம் வந்த படம்ங்கிறதால, இவங்க வேணும்னே வாயை மூடிக்கிட்டாங்கன்னு ஒரு வாசிப்பும் இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு அவங்க படத்துல மனுஷக் குரல் வேணும். தப்புத்தப்பா, இழுத்து இழுத்து, நடுவுல இருமிக்கிட்டு ஒருத்தர் தன் வாழ்க்கையைச் சொல்லணும். அது இல்லாதப்ப எனக்குக் கண்ணாடிக்கு வெளியில நிக்கிற மாதிரி இருக்கு. இந்தப் படம் பிடிச்சவங்க யாராவது இருந்தா கீழே எழுதுங்க. எந்தக் காட்சியில உங்களுக்குத் திறந்துச்சுன்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு, மறுபடியும் உக்காந்து பார்ப்பேன்.

புதுசா பார்க்குறவங்க ‘சிங்கப்பூர் காகா’வுல ஆரம்பிங்க. ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, வீட்டுல பெரியவங்களையும் உக்கார வைக்கலாம். அடுத்து ‘மூவிங் ஹவுஸ்’. ‘டு சிங்கப்பூர், வித் லவ்’வை அதுக்கு அப்புறம் பாருங்க, போனை வேற ரூம்ல வச்சிட்டு.